இரண்டு காதும் தெரிய வேண்டும்

பெரம்பலூர்ப் பக்கத்தில் செத்துப்போனவர்களின் படத்துக்கு ஒரு விதி இருந்தது. படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டும். ஒரு காது மறைந்திருந்தால், வாங்க வந்தவர்கள் படத்தைத் தொடக்கூட மாட்டார்கள். "எங்கப்பாரு என்ன ஒத்தக்காதரா?" என்று கேட்டுவிட்டு, மேசைமேலேயே விட்டுப் போய்விடுவார்கள். 1973இல் பள்ளிப் படிப்பை முடித்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த போட்டோ ஸ்டுடியோ ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது நான் முதலில் கற்றுக்கொண்டது இந்த விதியைத்தான். நான் ஓவியனாகாமல் போனதும் இதனால்தான்.

அன்று எங்கள் ஊர்களெல்லாம் திருச்சி மாவட்டத்தில் இருந்தன. உயிரோடு இருக்கும்போது போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. சாவு விழுந்ததும் ஒருவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வருவார். முதலாளி காமிராவோடு போய், உடலை நாற்காலியில் சார்த்தி உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டு வருவார். அதைப் பெரிதாக்கி என் மேசையில் வைப்பார்கள். மெல்லிய தூரிகையும் கறுப்பு மையும் கொண்டு, தாடையைச் சுற்றிக் கட்டிய துணியை நான் அழிப்பேன். மூக்கில் வைத்த பஞ்சையும் நெற்றிக் காசையும் அழிப்பேன். சாய்ந்த தலையை நிமிர்த்துவேன். முகத்தின் மறைந்த பக்கத்தில் காது வைப்பேன். கடைசியாகக் கண்ணைத் திறப்பேன். ஸ்டுடியோ பாஷையில் இந்த வேலைக்கு டச்சிங் என்று பெயர்.

திறக்கும் கண்ணுக்கு மாதிரி வேண்டுமே. படம் கேட்டு வரும் மகனையோ தம்பியையோ எதிரில் உட்காரவைத்து அவர் கண்ணைப் பார்த்து வரைவேன். காதும் அப்படித்தான். ஒருவர்கூட அது தன் கண் என்று கண்டுபிடித்ததில்லை. "அப்பா அப்புடியே என்னயப் பாக்குறாரு" என்று அழுவார்கள்.

ஓவியனாக வேண்டும் என்ற ஆசை எப்போது வந்தது என்று சரியாகச் சொல்ல எனக்கு விருப்பம்தான். நாள் கிழமை விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. மறந்துபோனவற்றை மழையையும் முந்திரிப் பூவையும் வைத்துக் கணக்கிட்டுக்கொள்வேன். அம்மா ஆண்டிமடத்துக்காரர், முந்திரிக்காட்டில் வளர்ந்தவர். ஆனால் இந்த ஆசைக்கு மட்டும் தொடக்கநாள் அகப்படவில்லை. கிளை நூலகத்தில் வெளிநாட்டு ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகள் நாலைந்து இருந்தன. அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரு கட்டத்தில் யாராவது ஒருவர் வந்து, அந்த இளைஞனின் தோளில் கைவைத்து, செய்ய வேண்டியது இன்னது என்று சொல்லிவிடுவார். நானும் அப்படி ஒருவருக்காகக் காத்திருந்தேன். ஒருவரல்ல, பலர் வந்தார்கள். அதுதான் கஷ்டம்.

முதலாளியை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் சொன்ன யோசனை சுருக்கமானது. "டேய் தம்பி, ஒன் கையில ஓட்டம் இருக்கு. பேசாம இங்கயே இரு. சனங்க சாவாம இருக்கப்போறாங்களா? நம்ம தொழிலு நிக்கவே நிக்காது."

அப்பா அரியலூருக்குக் கிழக்கே ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நிரந்தரத் தொழிலாளி. அவருக்கு முன் எங்கள் தெருவில் மாதச் சம்பளம் வாங்கியவர் யாரும் இல்லை. அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் நாற்று முடி சுமந்தவர். அதனால் நிரந்தரம் என்ற சொல்லை அப்பா சாமி பேரைச் சொல்வதுபோல் சொல்வார். சுரங்க ஆபீசில் சொல்லிவைத்து என்னை உள்ளே நுழைத்துவிடலாம் என்பது அவர் திட்டம். வாரம் ஒரு நாள் நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பேச்சு வரும்.

"நீ வரையறதெல்லாம் செத்த ஆளு. செத்தவன் ஒனக்கு என்னடா வேல குடுப்பான்?" என்பார்.

"உயிரோட இருக்கறவங்களையும் வரைவேம்ப்பா."

"உயிரோட இருக்கறவன் எதுக்குடா ஒன்னயத் தேடி வரான்? அவன் மொகத்த அவன் கண்ணாடில பாத்துக்குவான்."

அம்மா சிரித்துக்கொண்டே எனக்குச் சோறு போடுவார். அவருக்கு இதில் கட்சி இல்லை. யார் பேச்சில் வெல்கிறார்களோ அவர்களுக்குக் குழம்பு கூடுதலாக விழும்.

1977 தவக்காலத்தில் ஏலாக்குறிச்சியிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். அவருடைய தாயார் இறந்துபோயிருந்தார். சவப்பெட்டி வைத்திருந்த அறை சின்னது. முதலாளியால் பக்கவாட்டில் நின்றுதான் எடுக்க முடிந்தது. படத்தில் முகம் சுவர்ப்பக்கம் திரும்பி, ஒரு கண்ணும் ஒரு காதும் மட்டும் தெரிந்தன. டீச்சரையே எதிரில் உட்காரவைத்து முகத்தைத் திருப்பினேன், கண்களைத் திறந்தேன், இல்லாத காதை வைத்து அதில் தோடும் போட்டேன். ஈஸ்டர் கழிந்து வந்தவர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, இந்தக் காத எங்கேருந்து கொண்டாந்தீங்க?"

"உங்க காதுதான் டீச்சர்."

அவர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு நூலகப் புத்தகங்களில் வருகிறவர்கள் சொன்னதை அவர் சொன்னார். "நீங்க இங்க இருக்க வேண்டியவர் இல்ல தம்பி. மெட்ராஸ்ல இதுக்குன்னே காலேஜ் இருக்கு. போய்ப் படிங்க." சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. சென்னையில் இருந்த தன் உறவினர் மூலம் விண்ணப்பம் வாங்கி அனுப்பினார். நுழைவுத் தேர்வில் ஓர் ஆளை உட்காரவைத்து வரையச் சொல்வார்கள் என்று விசாரித்துச் சொன்னதும் அவர்தான். நான் கிளம்புவதற்கு முன் பெரம்பலூருக்கு வந்த வேலையோடு ஸ்டுடியோவுக்கும் வந்து வாழ்த்திவிட்டுப் போனார்.

"பயப்படாதீங்க. எங்கம்மாவுக்குச் செஞ்ச மாதிரியே செய்ங்க. வேற ஒண்ணும் யோசிக்க வேணாம்."

சட்டசபைத் தேர்தல் முடிந்து, ஊர்ச் சுவர்களில் சின்னங்களின் சாயம் இன்னும் அழியாதிருந்த ஆனி மாதம். அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றோடு சென்னைக்குப் போனேன். தேர்வு ஒரு நீண்ட கூடத்தில் நடந்தது. நடுவில் முக்காலிபோட்டு ஒரு முதியவரை உட்காரவைத்திருந்தார்கள். இரண்டு நாள் தாடி, பொத்தான் விட்டுப்போன சட்டை. நாங்கள் அவரைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தோம். எனக்குக் கிடைத்த இடம் அவருக்குப் பக்கவாட்டில். ஒரு காது, ஒரு கன்னம், மூக்கின் ஓரம், அவ்வளவுதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் தூங்கிப்போனார். தலை மார்பில் சாய்ந்தது.

எனக்கு அதில் குழப்பமே வரவில்லை. நாலு வருடமாக இதைத்தானே செய்துகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினேன். முகத்தை என் பக்கம் திருப்பினேன். தாடியை மழித்தேன், சட்டைக்குப் பொத்தான் வைத்தேன், மறைந்திருந்த காதைக் கொண்டுவந்தேன். இதற்கென்று எழுந்து அந்தப் பக்கம் போய் ஒரு தடவை பார்த்துவிட்டும் வந்தேன். அந்த அளவுக்கு நாணயமாக வேலை செய்தேன். கடைசியில் கண்ணைத் திறந்தேன். சுற்றியிருந்தவர்களின் தாள்களை ஓரக்கண்ணால் பார்த்தபோது எல்லோரும் தூங்குமூஞ்சியை அப்படியே வரைந்திருந்தார்கள். பாவம், இவர்களுக்கு டச்சிங் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வாளர் ஒவ்வொருவர் பின்னாலும் நின்று பார்த்துக்கொண்டே வந்தவர் என்னிடம் நின்றுவிட்டார்.

"இவர் தூங்கறார், தெரியறதா?"

"தெரியுது சார்."

"அப்புறம் ஏன் கண்ணைத் திறந்து வெச்சிருக்கே?"

"மூடியிருந்தா செத்த மாதிரி இருக்கும் சார்."

கூடம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சத்தத்தில் முதியவர் விழித்து, எழுந்து வந்து என் தாளை எட்டிப் பார்த்தார். "யம்மா, சோக்கா கீதுபா! எனக்கே குடுத்துடேன், ஊட்ல மாட்டிக்கிறேன்" என்றார்.

"மாட்டிக்கலாம். மாலையும் போட்டுடலாம்" என்றார் தேர்வாளர். மறுபடி சிரிப்பு. பிறகு குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி என்னிடம் பேசினார். அதில் கேலி இல்லை. "அந்தக் காது நீ உட்கார்ந்திருக்கற இடத்துலேர்ந்து தெரியவே தெரியாது. உனக்குக் கை இருக்கு. பார்க்கத் தெரியல. ஊருக்குப் போய் ஒரு வருஷம் கண்ணால பார்க்கறதை மட்டும் வரை. சேர்க்காதே, அழிக்காதே. அடுத்த வருஷம் வா."

என் வாழ்க்கையில் ஓவியம் பற்றி எனக்குக் கிடைத்த உருப்படியான அறிவுரை அது ஒன்றுதான். என்னை வெளியே அனுப்பும்போது அதைக் கொடுத்தார்கள்.

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "நீ ஒரு மடையன்டா. தூங்குறவன எழுப்பி உக்கார வெச்சுட்டு வரையணும்" என்றார். அவர் விளங்கிக்கொண்டது அவ்வளவுதான். டீச்சருக்கு எழுதவில்லை. அவர் சொன்னபடியே செய்துதான் தோற்றேன் என்பதை எப்படி எழுதுவது?

அந்த ஒரு வருடம் தேர்வாளர் சொன்னபடி நடந்தேன். ஸ்டுடியோவில் செத்தவர்களுக்குக் கண் திறந்துவிட்டு, வெளியே வந்து உயிரோடு இருப்பவர்களை உள்ளபடி வரைவேன். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், மூட்டைமேல் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவர்கள். யாருக்கும் பிடிக்கவில்லை. ஸ்டுடியோ வாசலில் வாழைப்பழம் விற்ற அம்மாளைப் பக்கவாட்டில் வரைந்து காட்டியபோது, "ஏண்டா, எம் மூஞ்சில பாதிய எவன் தின்னான்? அண்ணே, ஒங்க ஆளுக்குப் புத்தி கலங்கிப்போச்சு, பாருங்க" என்று முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி என் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைக்கு முன்னால் உட்கார்ந்து வரையாதே, கிராக்கி கெட்டுப்போகும் என்றார். அதன்பின் தெப்பக்குளத்துப் பக்கம் போய் வரைந்தேன். பிடிவாதத்தைத் தவிர எனக்கு வேறு துணை இல்லை. என் கோடுகள் மாறிக்கொண்டு வந்தது மட்டும் எனக்கே தெரிந்தது.

அந்த ஐப்பசிக் கடைசியில் புயல் அடித்தது. திருச்சியே வெள்ளத்தில் கிடந்தது என்று பத்திரிகைகள் எழுதிய அதே புயல். நான் வீட்டுக்கு வந்திருந்த நேரம். பஸ் நின்றுபோய் அங்கேயே தங்கிவிட்டேன். சுரங்கக் குழிகளில் தண்ணீர் ஏறியதால் அப்பாவுக்கும் வேலை இல்லை. எனக்கு நினைவு தெரிந்து அவர் பகலில் தூங்கியது அந்த மழையில்தான். கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்து, வாய் திறந்து, ஒரு கையைத் தலைக்கு அண்டைகொடுத்துத் தூங்கினார். நான் சுவரோரம் உட்கார்ந்து வரைந்தேன். தெரிந்தது ஒரு காது, ஒரு மூடிய கண். கன்னக்குழியில் நரைத்த தாடி. காதின் மடிப்புகளில் எத்தனை குளித்தாலும் போகாத சுண்ணாம்பு. எதையும் சேர்க்கவில்லை, எதையும் அழிக்கவில்லை. அவர் மூச்சு ஏறி இறங்குவது அந்தக் கோடுகளில் இருந்தது. இதை எடுத்துக்கொண்டு நான் சென்னைக்குப் போகலாம் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அப்பா எழுந்ததும் தாளை வாங்கிப் பார்த்தார்.

"யார்ரா இந்தக் கெழவன்?"

"நீதாம்ப்பா."

மறுபடி பார்த்தார். விரலால் காதின் மேல் தடவினார், படத்தில் அல்ல, தன் காதின் மேல். "சுண்ணாம்பக்கூட வுடலியேடா நீ" என்றார். தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னார்: "வர்ற ஆனிக்குப் போயிட்டு வரட்டும் இவன். இன்னொரு தரம் பாக்கட்டும். அதுக்கப்பறம் எம் பேச்சக் கேக்கணும்."

புத்தகங்களில் தோளில் கைவைக்கிறவர்கள் இதைவிட நன்றாகப் பேசுவார்கள். எனக்கு இது போதுமாக இருந்தது.

ஆனி வருவதற்கு முன், முந்திரிப் பழம் உதிரும் சித்திரையில், அப்பா மார்வலி என்று உட்கார்ந்தார். அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. சைக்கிளில் ஒருவர் பெரம்பலூருக்குப் போனார். முதலாளி காமிராவோடு செட்டிகுளத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். முகூர்த்த மாதம். ஊர் முழுக்கச் செத்தவர்களுக்குப் படம் செய்து கொடுத்தவனின் அப்பாவை, நாற்காலியில் உட்காரவைத்து ஒரு படம் எடுக்க ஆளில்லை.

கருமாதிக்குப் படம் வேண்டும். வீட்டில் அப்பாவின் போட்டோ ஒன்றுகூட இல்லை. அக்காவின் கணவர் கேட்டார், "மாப்ள, நீ மழயப்ப ஒண்ணு வரைஞ்சியாமே, மாமா சொன்னாரு. அத எடு." எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா பார்த்ததும் தாளைத் தரையில் வைத்துவிட்டார். "அய்யோ, பொணமால்ல கெடக்குறாரு."

"தூங்குறாரும்மா. உயிரோட இருந்தப்ப வரைஞ்சது. நீயும் பக்கத்துலதான இருந்தே."

"கண்ணத் தொறடா சாமி. ஊருல எல்லாருக்கும் தொறந்தியே. ஒங்கப்பனுக்குத் தொறக்க மாட்டியா?"

வேறொரு தாளில் வரைகிறேன் என்றேன். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "வேணாம். அவரு மூச்சு வுட்டுக்கிட்டு இருந்தப்ப வரைஞ்சதுன்னியே, அதுலயே தொற. இன்னொண்ணு எனக்கு எதுக்கு?" அக்காவின் கணவர் தன் பங்குக்கு, "இன்னொரு காதயும் வெச்சுடு மாப்ள. சம்பந்திவூட்டுக்காரங்கல்லாம் வருவாங்க, ஒரு மாதிரியாப் பேசுவாங்க" என்றார்.

அப்போது அந்த வீட்டில் இருந்தவர்களில் அந்தத் தாளின் மதிப்பு தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெரிந்த இன்னொருவர், அப்பா, போய்விட்டார். ஆனியில் நான் எடுத்துப்போக இருந்தது அது ஒன்றுதான். மற்றவையெல்லாம் கைப்பழக்கம். தரையில் ஊன்றிய அம்மாவின் கையையும் பக்கத்தில் கிடந்த தாளையும் பார்த்துவிட்டு, ரப்பரை எடுத்தேன்.

தாடியை மழித்தேன். வாயை மூடினேன். தலையணையாக இருந்த கையை அழித்தேன். காதில் இருந்த சுண்ணாம்பை அம்மா விரலால் சுட்டிக் காட்டி, "இந்த அழுக்கையும் எடுத்துடு" என்றார். எடுத்தேன். கண்ணுக்கும் காதுக்கும் மாதிரி வேண்டியிருந்தது. படம் கேட்டு வந்த மகன் இந்தத் தடவை நானேதான். சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி எதிரில் சாய்த்து வைத்துக்கொண்டு, என் கண்ணைப் பார்த்து அப்பாவின் கண்களைத் திறந்தேன். என் காதைப் பார்த்து, அவருடைய இல்லாத காதை வைத்தேன்.

"இப்பத்தான் மாமா மாதிரி இருக்கு" என்றார் அக்காவின் கணவர். அம்மா அழுதார். எல்லோரும் அழுகிறபடிதான் அழுதார்: "என்னயே பாக்குறாரே."

கருமாதி முடிந்த கையோடு சுரங்க ஆபீசிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பணியில் இருக்கும்போது இறந்தவரின் மகனுக்கு வேலை உண்டு. உடனே வந்து சேர வேண்டும். தாமதித்தால் அடுத்தவருக்குப் போகும். அக்காவின் கணவர்தான், "எப்ப மாப்ள போயி சேர்றே?" என்று கேட்டார், போவதா வேண்டாமா என்று கேட்காமல். ஆனி மாதத்தில், சென்னையில் தேர்வு நடந்த வாரம், நான் கல் ஏற்றிப் போகும் லாரிகளுக்கு நேரம் குறித்துக்கொண்டு சுரங்க வாசலில் உட்கார்ந்திருந்தேன். அப்பா பேசியவற்றில் ஒன்று பொய்யாகிவிட்டது. எனக்கு வேலை கொடுத்தது செத்தவர்தான்.

அதன்பின் நான் வரையவில்லை. விட்டுவிட்டேன் என்று யாரிடமும் அறிவிக்கவும் இல்லை. ஆனால் ஊருக்குள் படம் வரையத் தெரிந்தவன் என்ற பேர் போகவில்லை. வரைகிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவர்களைக் கூட்டிக்கொண்டு என்னிடம் யோசனை கேட்டு வருவார்கள். டீயை ஆற்றிக்கொண்டே, "நல்லா வரையுது. படிக்க வைங்க" என்பேன். எதைப் படிக்கவைப்பது என்று அவர்களும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

1984இல் என்று நினைக்கிறேன். அந்த வருடம் மழை முந்திவிட்டது. ஏலாக்குறிச்சி டீச்சர் அரியலூருக்கு மாற்றலாகி வந்தவர், எங்கோ விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. அப்பா இறந்ததே தெரியாது என்று வருத்தப்பட்டார். நான் சென்னைக்குப் போய்ப் படித்தேனா என்று கேட்டதற்கு, முடியவில்லை என்று மட்டும் சொன்னேன். சுவரில் படத்தைப் பார்த்ததும் எழுந்து கிட்டே போனார்.

"நீங்க போட்டதா? பாருங்க தம்பி, நான் அப்பவே சொன்னேன்ல? இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போயிடல. இத எடுத்துக்கிட்டு மெட்ராஸ் போங்க. பாத்தாங்கன்னா உடனே சேத்துக்குவாங்க."

"உக்காருங்க டீச்சர். அம்மா காப்பி போடுது."

அவர் உட்காரவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னும் நெருங்கிப் பார்த்தார். பிறகு, பழைய நினைவில் சிரித்துக்கொண்டே, விரலால் தொட்டுக் கேட்டார்.

"இந்தக் காத எங்கேருந்து கொண்டாந்தீங்க?"

"ஞாபகத்துலேருந்துதான் டீச்சர்" என்றேன்.